ஸ்டெப்னியைக் கழற்றி வைத்தால் மைலேஜ் கூடுமா?

ஒருவர் கேட்ட கேள்வி இது. ஆல்டோ 800, பத்து வருடம் ஓடிய வண்டி. கோவையில் சிங்காநல்லூரிலிருந்து காந்திபுரம் வரை தினமும் தனி ஆளாக ஆபீஸ் போய் வருகிறார். போக வர 20 கிலோமீட்டர். மாதம் ஒருமுறை ஊட்டி. ஊருக்குள் லிட்டருக்கு 15, ஹைவேயில் 22 கிடைக்கிறது. பின் சீட், ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கியில் கிடக்கும் சாமான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் 50 கிலோ குறையும். வண்டியே 750 கிலோதான், அதில் 50 என்றால் கிட்டத்தட்ட 7 சதவீதம். அப்படியானால் மைலேஜும் 7 சதவீதம் ஏற வேண்டுமே? டேங்கை அரைக்கு மேல் நிரப்பாமல் ஓட்டினால் இன்னும் கொஞ்சம் ஏறுமா?

ஏறும். ஆனால் 7 சதவீதம் ஏறாது. உங்கள் ஓட்டத்துக்கு ஊருக்குள் 2 சதவீதம், ஹைவேயில் 1 சதவீதத்துக்குச் சற்று மேல். அதாவது 15 என்பது 15.3 ஆகும், 22 என்பது 22.3 ஆகும். எப்படி இந்தக் கணக்கு வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். ஆட்டோ உதிரிபாகத் தொழிலில் சோதனைப் பிரிவில் இருப்பவன் என்பதால் இந்தக் கணக்கைப் பலமுறை போட்டிருக்கிறேன்.

நின்றுபோன காரை எப்போதாவது தள்ளியிருப்பீர்கள். முதல் அசைவுக்குத்தான் மூச்சு வாங்கும். சமதளத்தில் உருள ஆரம்பித்துவிட்டால் ஒரே ஆள் தள்ளிக்கொண்டே போகலாம். காரணம், நல்ல டயர் உள்ள வண்டியை உருட்டிக்கொண்டே இருக்க அதன் எடையில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் விசை இருந்தால் போதும். நீங்கள் உட்கார்ந்த ஆல்டோ 820 கிலோ என்றால், உருட்டத் தேவை சுமார் 10 கிலோ விசை. நியூட்டனில் சொல்லாமல் தராசுக் கணக்கிலேயே சொல்கிறேன், அதுதான் கைக்குப் புரியும். 10 கிலோ அரிசிப் பையைத் தூக்கிப் பிடிக்கிற சிரமம், அவ்வளவுதான்.

இதில் 50 கிலோவைக் கழித்தால் எவ்வளவு மிச்சம்? 600 கிராம்.

இதோடு காற்றைச் சேருங்கள். அந்த அளவு வண்டியைக் காற்று பின்னுக்குத் தள்ளும் விசை 40 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 5 கிலோ, 60-இல் 11, 80-இல் 20, 100-இல் 31. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். காற்றுக்கு உங்கள் டிக்கியில் என்ன இருக்கிறது என்ற கவலையே இல்லை. அது பார்ப்பது வண்டியின் முகத்தையும் வடிவத்தையும் மட்டும். ஆக 80-இல் போகும்போது மொத்தம் 30 கிலோ விசையில் 600 கிராம் குறைகிறது. அது 2 சதவீதம். ஆனால் இன்ஜின் தன் உள்ளுராய்வுக்கென்றே தனியாகக் கொஞ்சம் பெட்ரோல் குடிக்கிறது. பிஸ்டன் ஏறி இறங்குவதற்கும் ஆயில் பம்ப் சுற்றுவதற்கும் வண்டி காலியா பாரமா என்பது தெரியாது. அதையும் கழித்தால் பெட்ரோலில் மிச்சம் 1 சதவீதம் சொச்சமாகச் சுருங்கிவிடும். அதே ஹைவேயில் 100-இல் போவதை 80-க்கு இறக்கினால் மிச்சமாகும் விசை 11 கிலோ. 600 கிராமையும் 11 கிலோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஊருக்குள் கதை வேறு. அங்கே காற்று பெரிய ஆள் இல்லை, சிக்னல்தான். ஒவ்வொரு முறை 40-ஐத் தொட்டுவிட்டு நிற்கும்போதும், வண்டியை அந்த வேகத்துக்குக் கொண்டுவரச் செலவழித்த சக்தி முழுவதும் பிரேக்கில் சூடாகிக் காற்றில் போகிறது. அந்தச் சக்தி எடைக்கு நேர் விகிதம். எனவே எடை குறைப்புக்கு உண்மையான பலன் இருக்கிற இடம் ஊருக்குள்தான். 50 கிலோ குறைந்தால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் சுமார் 0.3 மில்லிலிட்டர் பெட்ரோல் மிச்சம். கிலோமீட்டருக்கு மூன்று முறை நின்று கிளம்புகிறீர்கள் என்றால் 0.9, உருளுவதில் மிச்சமாவது 0.55, கூட்டினால் ஒன்றரை மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவு. இப்போது கிலோமீட்டருக்கு நீங்கள் செலவழிப்பது 66 மில்லிலிட்டர். 2 சதவீதம் வந்துவிட்டதா? வருடம் 300 நாள், 6,000 கிலோமீட்டர் ஓடினால் எட்டரை லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 850 ரூபாய். அதற்காக வருடம் முழுவதும் பின் சீட் இல்லாத வண்டி.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். அமெரிக்க எரிசக்தித் துறையே, வண்டியின் எடையை 10 சதவீதம் குறைத்தால் எரிபொருள் சிக்கனம் 6 முதல் 8 சதவீதம் கூடும் என்கிறது. அதே நாட்டு அரசு, கார் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லும் அறிவுரையில் 45 கிலோ கூடுதல் பாரத்துக்கு மைலேஜ் 1 சதவீதம் குறையும் என்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டுவது போலத் தெரியும். இரண்டுமே சரி. முதல் கணக்கு வண்டியை வரைகிறவருக்கு. இரண்டாவது வண்டியை வாங்கி வைத்திருப்பவருக்கு.

வரைபலகையில் 10 சதவீதம் எடை குறைந்தால் வேலை அதோடு நிற்பதில்லை. எடை குறைந்த வண்டிக்கு அதே பிக்கப் கிடைக்கச் சின்ன இன்ஜின் போதும். சின்ன இன்ஜினுக்கு மெல்லிய மவுன்ட் போதும், சின்ன ரேடியேட்டர் போதும், சின்ன பிரேக் போதும். இவையெல்லாம் சேர்ந்து இன்னும் எடை குறையும். இன்ஜினை மாற்றாவிட்டாலும் கியர் விகிதத்தை நீட்டி, அதே வேகத்தில் இன்ஜின் குறைவாகச் சுற்றும்படி செய்யலாம். வீட்டுப் போர்ட்டிகோவில் பின் சீட்டைக் கழற்றுகிற உங்களுக்கு இந்த வசதி ஒன்றும் கிடையாது. இன்ஜின் அதே 796 சி.சி., கியர் அதே கியர். கழற்றிய எடையில் ஒரு பங்கு பெட்ரோலாக மிஞ்சாமல் பிக்கப்பாக மாறிவிடும். கால் கொஞ்சம் தாராளமாக அழுத்தினால் அந்த மிச்சமும் போச்சு.

வரைபலகைக் கணக்குக்கு நம் ஊரிலேயே நல்ல சாட்சி ஸ்விஃப்ட். 2018-இல் வந்த மூன்றாம் தலைமுறை வண்டி, முந்தையதைவிட அதிகபட்சம் 85 கிலோ குறைவு. முந்தையது 965 கிலோ அளவில், ஆக 9 சதவீதத்தை ஒட்டிய குறைப்பு. பெட்ரோல் இன்ஜின் அதே 1.2 லிட்டர்தான். சோதனை மைலேஜ் 20.4-லிருந்து 22-க்குப் போனது. கிட்டத்தட்ட 8 சதவீதம். எல்லாம் எடையால் வந்தது என்று சொல்ல முடியாது. புது மாடலில் உடல் வடிவமும் மாறியது. ஆனால் எடையை முதலிலிருந்தே திட்டமிட்டுக் குறைத்தால் எந்த அளவில் பலன் இருக்கும் என்று காட்ட இது போதும்.

சோதனை என்றதும் ஒரு சின்ன உள்விஷயம். நமது சோதனை முறை பழைய ஐரோப்பிய முறையைத் தழுவியது. அந்த முறையில் வண்டி சாலையில் ஓடாது. உருளை மேல் நிற்க வைத்து ஓட்டுவார்கள். வண்டியின் எடையை உருளைக்குச் சொல்ல வேண்டுமல்லவா, அதைப் படிப்படியான வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். 850-க்கு மேல் 965 கிலோ வரை எல்லாமே 910 என்று ஒரே வகுப்பு. 965-ஐத் தாண்டினால் அடுத்த வகுப்பு, 1,020. சோதனைக் கணக்கில் 966 கிலோ வந்த வண்டி ஒரு கிலோவைக் குறைத்தாலே உருளை 110 கிலோ இலேசாகிவிடும். ஒரு கம்பெனி கடைசி 5 கிலோவுக்கு ஏன் தலைகீழாக நிற்கிறது என்று வெளியே இருப்பவர்களுக்குப் புரியாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எடைச் சிக்கனத்தை எல்லைவரை கொண்டுபோனது டாடா நானோ. 2009-இல் விற்பனைக்கு வந்தபோது 600 கிலோதான், 624 சி.சி., இரண்டு சிலிண்டர். மற்ற கார்களில் சக்கரத்துக்கு நான்கு நட்டு, அதில் மூன்று. முன்னால் ஒரே வைப்பர். அடிப்படை மாடலில் பின்னால் வருவதைப் பார்க்கும் பக்கக் கண்ணாடியும் ஒரு பக்கம் மட்டும். செலவைக் குறைக்கச் செய்ததுதான் இதில் பாதி, ஆனால் ஒவ்வொரு நட்டும் எடையும்தானே. சோதனை மைலேஜ் 23.6. பாதி கண்டத்தையே வியக்க வைத்த எளிமை அது. ஆனால் மைலேஜில் அதைவிடக் கனமான ஆல்டோவை அது எங்கோ விட்டுவிட்டுப் போகவில்லை என்பதையும் கவனியுங்கள். எடை ஒரு கணக்குதான். இன்ஜினும் கியரும் மீதிக் கணக்கு.

சரி, "என் சித்தப்பா ஸ்டெப்னியைக் கழற்றினார், 3 கிலோமீட்டர் ஏறிவிட்டது" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அவர் பொய் சொல்லவில்லை. டேங்க் நிரப்பி டேங்க் நிரப்பிப் பார்க்கும் முறையில் பங்கில் நாசில் எங்கே கட் ஆகிறது என்பதைப் பொறுத்து அரை லிட்டர் அங்கே இங்கே போகும். 20 லிட்டரில் அரை லிட்டர் என்றால் இரண்டரை சதவீதம். நாம் தேடுவதே 2 சதவீதம். அளவுகோலின் தடுமாற்றம் அதைவிடப் பெரிது. அதோடு, மைலேஜ் பார்க்கவேண்டும் என்று ஸ்டெப்னியைக் கழற்றிய மனிதர் அந்த வாரம் முழுவதும் ஆக்சிலரேட்டரைப் பூப்போல மிதித்திருப்பார், டயருக்கும் காற்றடித்திருப்பார். ஏறிய மைலேஜ் அவர் காலில் இருந்து வந்தது. உண்மையாகத் தெரிய வேண்டுமானால் ஒரே பங்க், ஒரே பம்பு, முதல் கட்டோடு நிறுத்துவது, இப்படி எடையோடு ஐந்து டேங்க், எடை இல்லாமல் ஐந்து டேங்க் ஓட்டிப் பாருங்கள்.

டயர் என்று சொன்னதால் அதையும் சொல்கிறேன். கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் காற்றழுத்தம் போட்டிருக்கும். அதைவிட 7, 8 புள்ளி (பி.எஸ்.ஐ.) குறைந்தால் உருளும் தடை சுமார் 15 சதவீதம் கூடிவிடும். 10 கிலோவில் ஒன்றரை கிலோ. எடைக்கணக்கில் பார்த்தால் 120 கிலோவுக்குச் சமம். காற்று குறைந்த டயரோடு ஓட்டுகிறவர், பின் சீட்டில் காசு கொடுக்காத இரண்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். நீங்களோ அவர்கள் உட்காரும் சீட்டைக் கழற்றப் பார்க்கிறீர்கள்.

எங்கள் தெருவில் ஒருவர் இதையே செய்தார். பழைய சின்ன கார், ஊருக்குள் 13 கொடுத்தது. பின் சீட்டைக் கழற்றி மாடியில் வைத்தார், அந்த இடத்தில் ஒரு பிளைவுட் பலகை. அப்புறமும் 13. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள் என்று சொன்னேன். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டி வந்து நிறுத்தியதும் நான்கு சக்கரத்தின் நடுப்பக்கத்திலும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தேன். மூன்று வெதுவெதுப்பு. முன் இடது சக்கரம் தோசைக்கல். ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுற்றினால், கையை எடுத்ததும் சொரசொரவென்று உரசி அரைச் சுற்றில் நின்றுவிட்டது. பிரேக் தட்டை அமுக்கிப் பிடிக்கும் காலிப்பர் நகர வேண்டிய பின்கள் கிரீஸ் காய்ந்து, ரப்பர் உறை கிழிந்து, துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தன. மிதித்த பிரேக் காலை எடுத்தும் முழுசாக விடவில்லை. மூன்றரை கிலோ விசை அங்கே வீணானாலே 300 கிலோ பாரத்துக்குச் சமம். பின்னைத் தேய்த்து, புது உறை போட்டு, அதற்கென்று உள்ள கிரீஸ் தடவி முடித்ததில் சில நூறு ரூபாய். மைலேஜ் 16-ஐத் தொட்டது. சீட் மாடியிலிருந்து இறங்கியது. உங்கள் வண்டிக்கும் வயது பத்து. முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பின் சக்கரம் சூடாக இருந்தால் ஹேண்ட்பிரேக் கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏ.சி.யையும் ஒரு வார்த்தை. 40 கிலோமீட்டர் வேகத்தில் 50 கிலோ குறைவதால் உருளுவதில் மிச்சமாகும் சக்தி 65 வாட். வீட்டில் ஒரு சீலிங் ஃபேன் ஓடும் அளவு. கார் ஏ.சி. கம்ப்ரஸர் வெயிலில் இழுப்பது ஆயிரம், இரண்டாயிரம் வாட் கணக்கில். அதற்காக ஏப்ரல் மாதத்தில் ஏ.சி. போடாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. நிழலில் நிறுத்துங்கள், கிளம்பியதும் இரண்டு நிமிடம் கண்ணாடியை இறக்கிச் சூட்டை வெளியே விடுங்கள், அது போதும். சிக்னலில் ஐட்லிங்கும் அப்படித்தான். சின்ன இன்ஜின் சும்மா நின்றாலும் மணிக்கு அரை லிட்டர் போலக் குடிக்கும். ஒரு நாளில் பத்து நிமிடம் சிக்னலில் நின்றால் 80 மில்லிலிட்டர். 50 கிலோவைக் குறைத்து நீங்கள் ஒரு நாளில் மிச்சம் பிடிப்பது 30 மில்லிலிட்டர். அரை நிமிடத்துக்கு மேல் நிற்கிற சிக்னலில் அணைத்துவிடுவது லாபம்.

அரை டேங்க் யோசனைக்கு வருவோம். பெட்ரோல் தண்ணீரைவிட இலேசு. 35 லிட்டர் முழு டேங்க் 26 கிலோ. அரை டேங்க் என்றால் அதிகபட்சம் 13 கிலோ மிச்சம், மைலேஜில் அரை சதவீதத்துக்கு மேல் போகாது. அதற்காக இரண்டு மடங்கு முறை பங்குக்குத் திரும்பி வரிசையில் நின்றால் அந்த மிச்சம் வரிசையிலேயே தீர்ந்துவிடும். விட்டுவிடுங்கள்.

எதைக் கழற்றலாம், எதைக் கூடாது? நீங்களாக ஏற்றியதை எல்லாம் இறக்குங்கள். டிக்கியில் கிடக்கும் பழைய பேட்டரி, தண்ணீர் கேன், சப்-வூஃபர் பெட்டி, மேலே பூட்டிய கேரியர். கேரியரில் எடையைவிடக் காற்றுத் தடைதான் பெரிய செலவு; ஹைவேயில் 50 கிலோ குறைப்பதைவிடக் காலிக் கேரியரை இறக்குவது அதிகம் கொடுக்கும். முன்னால் இரும்பு கார்டு மாட்டியிருந்தால் அதுவும் போகட்டும். மோதலில் ஏர்பேக் வேலையைக் கெடுக்கும் என்பதோடு, 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

கம்பெனி கொடுத்ததில் கை வைக்காதீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கை எண்ணிக்கை எழுதியிருக்கிறது. பின் சீட்டை நிரந்தரமாக எடுப்பது அதே 52-ஆம் பிரிவில் வரும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் பிடிப்பார். பக்கக் கதவுக்குள் இருக்கும் குறுக்குக் கம்பி, பம்பருக்குப் பின்னால் உள்ள இரும்பு, இவற்றைத் தொடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஸ்டெப்னி விஷயத்தில் சட்டம் 2020-இல் கொஞ்சம் இறங்கி வந்தது: டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி, ட்யூப்லெஸ் டயர், பங்சர் ஒட்டும் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமல் கம்பெனியே வண்டி விற்கலாம். உங்கள் வண்டியில் அந்தக் கருவி கிடையாது. 11 கிலோவை மிச்சம் பிடித்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு கணியூர் டோல்கேட் தாண்டி டயர் வெடித்து நின்றால், டோயிங் வண்டிக்கு ஒரே தடவை கொடுப்பது பல வருட மிச்சத்தை விழுங்கிவிடும்.

ஊட்டிக்குப் போகும் நாளில் மட்டும் எடையை உண்மையாகவே பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குச் செங்குத்தாக 1,900 மீட்டர் ஏறுகிறீர்கள். உங்கள் வண்டியை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும், உருளுவது காற்று எல்லாம் தவிர்த்து, ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் பெட்ரோல் செலவாகும். அதில் 50 கிலோவின் பங்கு 90 மில்லிலிட்டர். சமதளத்தில் 50 கிலோவைக் குறைத்து இவ்வளவு மிச்சம் பிடிக்க 150 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். இறங்கும்போது அது அப்படியே திரும்பி வராது, ஆனால் ஒரு பங்கை மீட்கலாம். நியூட்ரலில் போட்டு உருட்டாதீர்கள். நியூட்ரலில் இன்ஜின் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும், பிரேக்கும் காய்ந்து பிடிக்காமல் போகும். இரண்டாவது, மூன்றாவது கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். பர்லியாறு வரை வளைவுக்கு வளைவு அப்படியே இறங்கி வரலாம், பிரேக்கும் சூடாகாது.